மருத்துவச் சான்றும் மனச்சாட்சியும்



பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானதும் நம் நெய்வேலி நகரியத்தில் வட்டந்தோறும் வீடுதோறும் ஒரே பேச்சாயிருக்கும்: பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது? சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் தகப்பன்மார் உழைத்துக் கொணர்ந்த காசைக்கொண்டு பிள்ளைகளை ஒரு நல்ல நிலையில் வைக்க வேண்டுமென்பது எல்லாப் பெற்றோருடைய நியாயமான ஆசை. பிள்ளைகளில் சிலர் நர்ஸ் படிப்பை விரும்புகிறார்கள்; வேறு சிலர் ஆஸ்பத்திரி லாபில் இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் படிப்பை விரும்புகிறார்கள். இந்த இரண்டாவது படிப்பில் சேர்வதற்குக் கேட்கப்படும் ஒரு சிறு காகிதத்தைப் பற்றி இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறோம். காகிதம் சிறிதானாலும் அதில் அடங்கிய மனச்சாட்சிக் காரியம் பெரிது.

முதலில் விஷயத்தை அறிந்துகொள்வோம். நம் தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குப் போக வழிகள் பல. டி.எம்.எல்.டி. என்று நாம் சொல்லும் இரண்டாண்டு டிப்ளமோ ஒன்று. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் பி.எஸ்ஸி. பட்டப்படிப்பு மற்றொன்று. ஃபிளபாட்டமி என்ற பெயரில், இரத்தம் எடுப்பதை மாத்திரம் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சியும் இப்போது உண்டு. டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய பாடங்களைப் படித்துத் தேறியிருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் முதலியவற்றைக் கொண்டுபோக வேண்டும். இவற்றோடு கல்லூரிகள் இன்னொன்றையும் கேட்கின்றன: பிள்ளை இந்தப் படிப்புக்கேற்ற சரீர சுகமுடையவள் என்று ஒரு மருத்துவர் கையொப்பமிட்ட சான்று. மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போட்ட அத்தாட்சியையும் பல இடங்களில் கேட்கிறார்கள்.

மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்தை மாற்ற நம்மில் ஒருவரும் துணியமாட்டோம். அது குற்றமென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த மருத்துவச் சான்று விஷயத்தில் மாத்திரம் நல்ல கிறிஸ்தவக் குடும்பங்களுங்கூட வேறு விதமாய் நினைப்பதுண்டு. "ஏங்க, சின்ன வயசுல வந்த வலிப்பையெல்லாம் இதுல எழுதணுமா? எழுதினா சீட்டு போயிடும். தெரிஞ்ச டாக்டர்தானே, நல்லா இருக்கான்னு ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க" என்று தாய் சொல்வாள். தகப்பனும் சரியென்பார். போடாத தடுப்பூசியைப் போட்டதாக எழுதி வாங்குவதும் இந்த வகையே. இதைப் பொய் என்று யாரும் எண்ணுவதில்லை. சடங்குக்காகக் கேட்கிறார்கள், சடங்குக்காகக் கொடுக்கிறோம் என்று எண்ணுகிறார்கள்.

இங்கே இரண்டு கேள்விகள் எழும்புகின்றன. ஒருவனுடைய சரீர நிலைமையைக் கேட்க ஒரு கல்லூரிக்கு என்ன உரிமை? உரிமை உண்டென்றால், எவ்வளவு தூரம் கேட்கலாம், நாம் எவ்வளவு தூரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்? சத்திய வேத நூலோர் இதைப்பற்றி ஒரு தெளிவான போதனையைக் கொடுத்திருக்கிறார்கள். பொய் சொல்வது எப்போதும் ஆகாது. ஆயினும் கேட்க உரிமையில்லாதவன் கேட்டால் உண்மையை அவனுக்கு வெளிப்படுத்த நாம் கடமைப்பட்டவர்களல்ல. மௌனமாயிருக்கலாம், சொல்ல இயலாதென்று மறுக்கலாம். ஆகையால் கேள்வி யாருடையது என்பதை முதலாவது கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால் மற்றெல்லாம் தெளியும்.

நெய்வேலிக் குடும்பங்களுக்கு இதை விளக்குவது கடினமல்ல. நம் ஊரில் 1956-ஆம் ஆண்டு நிறுவனம் ஏற்பட்டு, 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை முதன்முதலாய்க் கண்ணுக்குத் தெரிந்த காலந்தொட்டு, சுரங்க வேலைக்குச் சேர்ந்தவர்கள் மருத்துவப் பரிசோதனை என்றால் என்னவென்று அறிவார்கள். சுரங்கச் சட்டத்தின் கீழ் 1955-இல் ஏற்பட்ட விதிகளும் அவற்றுக்குப் பின்வந்த திருத்தங்களும், வேலையில் சேருமுன் ஒரு பரிசோதனையையும் அதன்பின் ஐந்தாண்டுக்குள் ஒருமுறை மறுபரிசோதனையையும் கட்டாயமாக்கின. கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். பாரவண்டி ஓட்டுகிறவனுடைய கண்பார்வையை எதற்காகச் சோதிக்க வேண்டும்? அவனை அவமானப்படுத்தவா? வண்டிக்குப் பின்னால் நிற்கிற கூட்டாளியின் பெண்சாதி தாலியோடிருக்க வேண்டும் என்பதற்காகவே. தூசியில் வேலை செய்கிறவனுடைய நெஞ்சைப் படமெடுத்ததோ அவனுடைய சொந்த உயிருக்காக. கேள்வியைக் கேட்டது மருத்துவர். ஆனால் கேள்விக்குச் சொந்தக்காரர் பின்னால் நின்ற அந்தக் கூட்டாளி, வீட்டிலிருந்த அந்தப் பிள்ளைகள்.

இரத்தம் எடுக்கும் படிப்பிலும் காரியம் இப்படியே. வாசலில் உட்கார்ந்து விண்ணப்பத்தை வாங்குகிற குமாஸ்தா அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர் அல்ல, கல்லூரி முதல்வருமல்ல. நாளைக்குக் கட்டிலில் படுத்துக் கையை நீட்டப் போகிற நோயாளியே அதற்குச் சொந்தக்காரர். அவர் இன்று அந்த அறையில் இல்லை. தம்முடைய கையில் ஊசியேற்றப் போகிறவர் யாரென்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியுமில்லை. ஆகவே அவருக்காகக் கல்லூரி கேட்கிறது. அவருக்குச் சொல்லும் பதிலென்று எண்ணியே அந்தக் காகிதத்தை நிரப்ப வேண்டும்.

இத்தொழில் எப்படிப்பட்டதென்று சற்றே பாருங்கள். காலை விடியுமுன்னே வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிற சர்க்கரை நோயாளிகள், காய்ச்சலில் துவளும் குழந்தை, நரம்பே அகப்படாத வயோதிகர் என்று எல்லாரும் இவர் கைக்கு வருகிறார்கள். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டியைக் கட்டினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் விடலாகாது. விட்டால் பரிசோதனைக் கணக்கே மாறிப்போகும். எடுத்த இரத்தத்தை அந்தந்தப் பரிசோதனைக்குரிய குழாயில் ஊற்ற வேண்டும்: சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி, இரத்த அணுக்களை எண்ணுவதற்கு ஊதா நிற மூடி, இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க இளநீல மூடி. நோயாளியை விட்டு அகலுமுன்னே அவர் பெயரைக் குழாயின்மேல் எழுத வேண்டும். பெயர் மாறினால் ஒருவருக்குரிய இரத்தம் இன்னொருவருக்கு ஏற்றப்படும். அதனால் மரணமும் நேரிடலாம். உபயோகித்த ஊசியைத் திரும்ப மூடாமல், குத்திக் கிழியாத வெள்ளை டப்பாவில் உடனே போட வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளிலிருந்து தெரிகிறது.

இதைக் கேட்டபின், கண்ணும் கையும் சரியாயிருக்கின்றனவா, திடீரென்று நினைவு தப்பும் வியாதி உண்டா, நெஞ்சில் தொற்றும் சயரோகம் உண்டா என்று கேட்பதை அநியாயமென்று யார் சொல்லக்கூடும்? ஊசி நரம்புக்குள் இருக்கும்போது எடுக்கிறவருக்கு வலிப்பு வந்தால் படுத்திருப்பவர் கதி என்ன? இருமலை மறைத்துக் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தால் அந்தக் குழந்தைகளின் கதி என்ன? இவற்றை மறைப்பது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பொய் மாத்திரமல்ல. ஐந்தாம் கற்பனையையும் தொடுகிறது. கொலை என்ற சொல் நமக்குப் பயங்கரமாயிருக்கலாம். ஆயினும் பிறர் உயிருக்கு மோசம் வரக்கூடிய காரியத்தை அறிந்தும் அலட்சியமாய்ச் செய்வது அந்தக் கற்பனையின் எல்லைக்குள்ளேதான் இருக்கிறது என்று ஞானோபதேசத்தில் கற்றிருக்கிறோம்.

தடுப்பூசியின் காரியம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஏனென்றால் அங்கே ஆபத்து முதலாவது நம் பிள்ளைக்கே. மஞ்சள்காமாலை பி என்ற கிருமி இரத்தத்தின் வழியாய்ப் பரவுகிறது. அதன் அடையாளத்தை 1960-களில் கண்டறிந்த புளூம்பெர்க் என்ற விஞ்ஞானி 1976-இல் நோபல் பரிசு பெற்றார். தடுப்பூசி 1981-இல் உபயோகத்துக்கு வந்தது. இந்தக் கிருமியுள்ள ஒருவருடைய இரத்தம் தோய்ந்த ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்திவிட்டால், நோயாளியின் நிலைமைக்கேற்ப நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை அந்நோய் பற்றக்கூடும். எச்.ஐ.வி. கிருமியோ அவ்விதமாய்ப் பற்றுவது சுமார் முந்நூறு குத்துக்கு ஒன்று. நாம் எதற்கு அதிகமாய்ப் பயப்படுகிறோம், எதை அலட்சியம் செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஊசியை ஒரே நாளில் போட்டு முடிக்க இயலாது. முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. அதன்பின் ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தத்தைச் சோதித்து, உடலில் போதிய எதிர்ப்புச் சக்தி உண்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு ஊசி போட்டும் அது உண்டாவதில்லை. ஆகவே கல்லூரியிலிருந்து கடிதம் வந்த பிறகு ஓடுகிறவர்கள் பிந்திப்போகிறார்கள். பிந்தியதால் பொய்ச்சான்று தேடுகிறார்கள். விவேகமுள்ள பெற்றோர் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் காலடி வைக்கும்போதே ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். குழந்தையாயிருந்தபோதே போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து வைப்பார்கள். மூன்று ஊசிக்குப் பயந்து ஒரு பொய்யை வாங்கிக் கொடுக்கிற தகப்பன், தலைக்கவசமில்லாமல் மகனைச் சுரங்கத்துக்குள் அனுப்புகிற தகப்பனுக்குச் சமானம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லலாம். "அர்ச்சியசிஷ்டவர்கள் இப்படிக் கணக்குப் பார்த்தார்களா? ஞானப்பிரகாசியார் கொள்ளைநோயாளிகளைத் தூக்கிச் சுமந்து அந்நோயாலேயே 1591-இல் 23-ஆம் வயதில் உரோமையில் மரித்தார். மொலோக்காய்த் தீவின் குஷ்டரோகிகளிடம் 1873-இல் போன தமியான் சுவாமியார் அவர்களுடைய வியாதியைத் தாமும் ஏற்று 1889-இல் மரித்தார். திருச்சபை 2009-இல் அவரைப் பீடத்துக்கு உயர்த்திற்று. ஆபத்துக்கு அஞ்சாமலிருப்பதல்லவா பிறர்சிநேகம்?" என்பது அந்த ஆட்சேபம்.

மெய்தான். ஆனால் அவர்கள் காலத்தில் காப்பு ஏதும் இருக்கவில்லை. காப்பு இல்லாத இடத்தில் சிநேகம் ஆபத்தை ஏற்கிறது; காப்பு இருக்கும் இடத்தில் அதை எறிந்துவிட்டுப் போவது சிநேகமல்ல, அசட்டைத்தனம். நம் சென்னையிலேயே இதற்கு ஒரு திருஷ்டாந்தமுண்டு. 1985-ஆம் ஆண்டின் கடைசியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மருத்துவர், டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், எய்ட்ஸ் கிருமி நம் தேசத்திலும் உண்டா என்று அறிய 200 பேரிடம் இரத்தம் எடுக்கத் தொடங்கினார். கையுறையுமில்லை, வேறு பாதுகாப்புமில்லை. எடுத்ததைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, பின்பு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இரயிலில் கொண்டுபோனார். 1986-இல் அங்கே செய்த பரிசோதனையில்தான் இந்தியாவில் முதன்முதலாய் அக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய தைரியத்தை மெச்சுகிறோம். ஆனால் இன்றைக்கு ஒரு மாணவி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப்போல் நானும் தைரியசாலி என்றால் நாம் மெச்சுவோமா? அறியாமலிருந்த காலத்தின் தைரியம் வேறு. அறிந்த காலத்தின் கடமை வேறு.

இதுவரை குடும்பத்தாரின் கடமையைச் சொன்னோம். கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கடமையுண்டு. கேள்விக்குச் சொந்தக்காரர் நோயாளியே என்றால், நோயாளிக்குச் சம்பந்தமில்லாத கேள்வியைக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. வேலைக்கு வேண்டிய அளவே கேட்கலாம். அதற்கு மேல் கேட்பது வீண் ஆராய்ச்சி, சில வேளை அநியாயம்.

சட்டமும் இதைச் சொல்லுகிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, படிப்பில் சேர்வதற்கோ வேலைக்கோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக்கூடாது. அதே சட்டம், ஊசிக்குத்தின் ஆபத்துள்ள இடங்களை நடத்துகிறவர்கள் தங்களிடம் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களையும் பயிற்சியையும், குத்திவிட்டால் உடனே கொடுக்க வேண்டிய மருந்தையும் கொடுக்க வேண்டுமென்றும் கட்டளையிடுகிறது. கேட்பதற்குத் தடை, கொடுப்பதற்குக் கட்டாயம் என்று இரண்டும் ஒரே சட்டத்தில் இருப்பதைக் கவனியுங்கள். மாணவியிடம் சான்று கேட்கிற கல்லூரி, அவளுக்குக் கையுறையும் தடுப்பூசியும் கொடுக்க மறந்தால், நோயாளியின் பெயரால் கேட்கும் அருகதையை இழந்துபோகிறது.

மஞ்சள்காமாலை பி கிருமி தன் உடலில் இருப்பதை ஒரு பெண் தடுப்பூசி போடப் போனபோதே அறிய நேரிடலாம். பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கக்கூடும். அவள் மேல் ஒரு குற்றமுமில்லை. அவளுக்கு இந்தப் படிப்பின் கதவு அடைபட்டதா? அடைபடத் தேவையில்லை. அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டலில், இந்தக் கிருமி இருப்பது ஒன்றையே காரணமாக்கி மருத்துவம், நர்ஸ் வேலை முதலியவற்றைப் படிப்பதிலிருந்து எவரையும் தள்ளலாகாதென்று கண்டிருக்கிறது. சாதாரணமாய் இரத்தம் எடுப்பது, எடுக்கிறவரிடமிருந்து நோயாளிக்குத் தொற்றும் ஆபத்துள்ள வேலைகளில் சேர்ந்ததன்று. நம் தேசத்திலும் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இந்நோய்க்கு இலவச சிகிச்சை கொடுக்கிறார்கள். சயரோகமும் அப்படியே: முறையாய் மருந்து உண்ணத் தொடங்கியபின் சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரும்பாலும் நீங்குகிறது. ஆகவே "இப்போது வராதே, சுகமானபின் வா" என்பது நியாயம். "ஒருமுறை வந்தது, ஆகையால் ஒருபோதும் வராதே" என்பது அநியாயம்.

நிறக்குருடு உள்ள பையன் மூடியின் நிறத்தைப் பிரித்தறியாமற் போகலாம். ஆனால் குழாயின்மேல் அச்சிட்ட எழுத்தை வாசித்தறிய முடியுமா என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும். வலிப்பு இருந்த பெண்ணுக்கு மருந்தால் அது அடங்கி எத்தனை வருஷமாயிற்று என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இரத்தத்தைக் கண்டதும் மயங்குகிறவன் பழக்கத்தினால் தேறிவிடுவதுமுண்டு. 2024 அக்டோபரில் நமது உச்சநீதிமன்றமும், மருத்துவப் படிப்பைக் குறித்த ஒரு வழக்கில், உடல் ஊனம் இத்தனை சதவீதம் என்ற கணக்கை மாத்திரம் பார்த்து ஒருவரைத் தள்ளக்கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று நிபுணர்கள் பார்த்தறிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

வேலூரில் இதை ஒரு பெண்மணி தம் வாழ்க்கையாலேயே நிரூபித்தார். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போனார். எழுந்து நிற்க முடியாதவருக்கு அறுவைசிகிச்சை அறையில் என்ன வேலை என்று எவரும் கேட்டிருப்பார்கள். அவரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பின்பு வெளிதேசத்தில் படித்துவந்து, ஊனமுற்றோருக்கு மறுவாழ்வு கொடுக்கும் மருத்துவத் துறையை வேலூரில் வளர்த்தார். கையை நேராக்கும் வேலைக்கு வேண்டியது கையும் கண்ணும் அறிவும், கால் அல்ல. வேலைக்கு மெய்யாகவே வேண்டியது எது என்று கேட்டால்தான் இப்படிப்பட்டவர்களுக்குக் கதவு திறக்கும்.

சில வேளை நியாயமாகவே கதவு அடைபடும். அப்போது என்ன செய்வது? அர்ச். கமில்லுஸின் சரித்திரத்தை வாசித்தவர்கள் அறிவார்கள். 1550-இல் இத்தாலியாவில் பிறந்த இவர் வாலிபத்தில் போர்ச்சேவகர், சூதாட்டக்காரர். காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. மனந்திரும்பிக் கப்புச்சீன் சபையில் சேரப் போனார். அந்தச் சபையின் கடுமையான வாழ்க்கையில் புண் திரும்பவும் விரிந்தது. ஒருமுறையல்ல, இருமுறை அவரை அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது தவறல்ல; அந்த ஒழுங்கைத் தாங்கும் கால் அவருக்கில்லை. கமில்லுஸோ புண்ணை மறைத்து மூன்றாம் தரம் நுழையவில்லை. தமக்கு வைத்தியம் செய்த உரோமை ஆஸ்பத்திரியிலேயே ஊழியஞ் செய்தார். அங்கே நோயாளிகள் படும் அவலத்தைக் கண்டு, அவர்களுக்கென்றே ஒரு சபையை ஏற்படுத்தினார். 1586-இல் பாப்பரசர் அதை அங்கீகரித்தார். 1614-இல் மரிக்கும்வரை புண் ஆறவேயில்லை. அந்தக் காலோடு வார்டு வார்டாய் நடந்த அவரைத் திருச்சபை 1886-இல் நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாவலராக நியமித்தது. சுக சரீரமில்லையென்று ஒரு வாசலில் திருப்பப்பட்டவரை நோக்கியே இன்று உலகத்து நோயாளிகள் மன்றாடுகிறார்கள். ஆகையால் சீட்டுக் கிடைக்காமற் போன பிள்ளையைப் பார்த்து "உன் தலைவிதி" என்று சொல்லாதேயுங்கள். சர்வேசுரன் வேறு எந்த வாசலை வைத்திருக்கிறாரென்று அவளோடு சேர்ந்து தேடுங்கள்.

கடைசியாக, இந்தக் காரியத்தில் மிகக் கடினமான பாகத்துக்கு வருகிறோம். ஒரு குடும்பம் ஏன் மறைக்கிறது? சீட்டு போய்விடும் என்ற பயம் ஒன்று. ஆனால் அநேக வீடுகளில் அதைவிடப் பெரிய பயம் வேறொன்றிருக்கிறது: ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். ஒரே சுவரின் இருபுறமும் குடும்பங்கள் வாழ்கிற குவார்ட்டர்ஸ் நமது. ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வரிசையில் நிற்கிறோம். மருந்துச் சீட்டைப் பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்க்கிறார். சாயங்காலத்துக்குள் "அந்த வீட்டுப் பொண்ணுக்கு இரத்தத்துல ஏதோ இருக்காம்" என்று அடுத்த வட்டத்துக்குச் செய்தி போய்விடுகிறது. இரண்டு வருஷங் கழித்துப் பெண் கேட்டு வருகிறவர்களின் காதுக்கும் அது எட்டுகிறது. இதை அறிந்த தாய் வாய்திறப்பாளா?

கல்லூரி கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னவள் அந்தத் தாய்தான். ஆயினும் உண்மை சொன்னவர்களை நாம் இதற்கு முன் எப்படி நடத்தினோம் என்று பார்த்துத்தானே அவள் அந்தப் பொய்யைக் கற்றுக்கொண்டாள்? ஒருவரைப் பற்றி இல்லாததைச் சொல்வது அவதூறு. இருப்பதையே, சொல்ல நியாயமான காரணமின்றிச் சொல்லி அவர் பெயரைக் கெடுப்பது புறணி; உண்மையாயிருப்பதால் அது பாவமில்லாமற் போகாது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்கையில், எத்தனை பேருடைய வியாதியை நாம் வீட்டு வாசலில் நின்று பேசினோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த வீட்டுக்காரருக்கு அந்தக் கேள்வியில் பங்கேயில்லை. நோயாளியின் இடத்தில் அவர் நிற்கவில்லை. தெரியவந்தால் காக்க வேண்டிய இரகசியமாகவே அது அவரிடம் வருகிறது. பரிசோதனைக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கிற லாப் ஊழியருக்கும் இதுவே கடமை. நம் பிள்ளைகள் இத்தொழிலுக்குப் போகிறார்களானால், ஊசி பிடிக்கக் கற்குமுன்னே நாவை அடக்கக் கற்றுக்கொண்டு போகட்டும்.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வருஷம் பிள்ளையை இப்படிப்பில் சேர்க்க நினைக்கிறவர்கள் இதைச் செய்யுங்கள். பிள்ளையை நன்கறிந்த ஒரு மருத்துவரிடம் நேரில் அழைத்துப் போங்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட அவரைக் கேளாதேயுங்கள், அது அவரையும் உங்கள் பொய்யில் பங்காளியாக்கும். இருக்கிற வியாதியையும் இருந்த வியாதியையும் சொல்லி, இந்த வேலைக்கு இது தடையா என்று கேளுங்கள். அநேகத்துக்கு "தடையில்லை" என்ற பதிலே வரும். மறைத்திருந்தால் அந்தச் சந்தோஷ வார்த்தையை நீங்கள் கேட்டிருக்கவே முடியாது. தடுப்பூசியை இன்றே தொடங்குங்கள். கல்லூரி கேட்கக்கூடாததைக் கேட்டால் பொய்ச் சான்றைக் கொடுக்காதேயுங்கள். சட்டம் இன்னதென்று மரியாதையாய் எடுத்துச் சொல்லுங்கள். பயந்து நிற்கிற குடும்பத்தோடு யாராவது படித்தவர் ஒருவர் துணையாய்ப் போவது நம் பங்கில் பெரிய தர்மமாயிருக்கும்.

எரிக்கோ சாலையோரம் குத்துயிராய்க் கிடந்தவனுக்குக் காயங் கட்டிய சமாரியனை நமக்கு மாதிரிகையாகச் சேசுநாதர் காட்டினார். அந்தக் காயப்பட்டவன் அவனிடம் சான்று ஒன்றும் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலுமில்லை. தன்னைத் தொடுகிற கை நல்ல கையாயிருக்கும் என்று அவனுக்காக யாரோ ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். இன்றைக்கு அந்த உறுதியைச் சொல்ல வேண்டியவர்கள் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிற நாமே. நோயாளிகளின் ஆரோக்கியமாகிய தேவமாதா நம் பிள்ளைகளின் கைகளையும், அவர்களிடம் கைநீட்டப் போகிறவர்களையும் காப்பாற்ற வேண்டுமென்று இவ்வாரச் செபமாலையில் ஒரு பத்துமணியை ஒப்புக்கொடுப்போம்.